பாய் கடையின் இரண்டாவது ஐந்தொகை

எங்கள் கடையில் வருடத்துக்கு இரண்டு முறை கணக்கு முடித்து ஐந்தொகை, அதாவது சொத்து கடன் பட்டியல், போடுவோம். ஒன்று மார்ச் 31, அரசாங்கத்துக்காக. அதற்கு ஆடிட்டர் உண்டு, ஜிஎஸ்டி உண்டு, கடைசித் தேதி உண்டு, தவறினால் அபராதமும் உண்டு. இன்னொன்று ரமலானை ஒட்டி, ஜகாத்துக்காக, அதாவது வசதியுள்ள முஸ்லிம்கள் வருடா வருடம் ஏழை எளியவர்களுக்குக் கொடுத்தாக வேண்டிய பங்குக்காக. அதற்கு ஆடிட்டரும் இல்லை, நோட்டீஸும் வராது. ஆனால் எங்கள் முதலாளி பாய் உண்மையில் பயப்படுவது இந்த இரண்டாவது கணக்குக்குத்தான்.

மண்ணடியில், அங்கப்ப நாயக்கன் தெருவில் மஸ்ஜித் மாமூரைத் தாண்டி உள்ளே போகும் சந்துகளில் ஒன்றில் இருக்கிறது கடை. பைப் ஃபிட்டிங் மொத்த வியாபாரம். எல்போ, டீ, யூனியன், நிப்பிள், ஃப்ளாஞ்ச், வால்வு என்று தரையிலிருந்து கூரை வரை இரும்புதான். பெரிய இரும்பு வியாபாரிகள் பலர் சாத்தங்காடு சந்தைக்குப் போய்விட்டார்கள். சில்லறையும் மொத்தமுமாக ஓடுகிற எங்களைப் போன்ற கடைகள் இன்னும் இங்கேயே மீன்பாடி வண்டிகளுக்கு நடுவே பிழைக்கின்றன. நான் பழைய வண்ணாரப்பேட்டைக்காரி. ஆடி மாதம் கூழ் ஊற்றுகிற வீடு. பி.காம். முடித்து டேலி கற்றுக்கொண்டு இங்கே கணக்கு எழுத வந்தபோது, இஸ்லாத்தைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் நோன்புக் கஞ்சியும் பெருநாள் பிரியாணியும்தான். மற்றதை எல்லாம் பேரேடு வழியாகத்தான் தெரிந்துகொண்டேன். அதனால் நான் சொல்வதும் கணக்கு எழுதுகிறவள் சொல்வதாகத்தான் இருக்கும்.

“ஜகாத் கணக்கு எடுக்கணும்மா, ஸ்டாக் லிஸ்ட் போடுங்க” என்று பாய் முதல்முறை சொன்னபோது, மார்ச்சுக்கு எடுத்த பட்டியலில் விற்றது வாங்கியதைச் சரிசெய்தால் போதாதா என்று கேட்டேன். போதாதாம். வருமான வரிக்குச் சரக்கிருப்பை வாங்கிய விலை, விற்கக்கூடிய விலை, இரண்டில் எது குறைவோ அதில் போடுவோம். ஜகாத்தில் அப்படிக் கிடையாது. அன்றைய தேதிக்கு அந்தச் சரக்கு சந்தையில் என்ன விலை போகுமோ அதுதான் மதிப்பு. இரும்பு விலை ஏறிய வருடத்தில் சரக்கு அலமாரியை விட்டு நகராமலே கொடுக்க வேண்டிய தொகை ஏறிவிடும். ரேக், எடை மெஷின், மேஜை, குட்டியானை வண்டி, கட்டடம் எதுவும் இதில் சேராது, அவை புழங்குவதற்கானவை. விற்பதற்காக வைத்திருப்பது, ரொக்கம், பேங்கில் இருப்பது, வரவேண்டிய பாக்கி இவைதான் சேரும். பாக்கியிலும் வந்துவிடும் என்று நம்பிக்கை உள்ளதை மட்டும் இந்த வருடம் சேர்ப்போம். வராது என்று தோன்றுவதை வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம். அதிலிருந்து நாம் கொடுக்க வேண்டிய கடனைக் கழித்து, மீதியில் நூற்றுக்கு இரண்டரை. 40 லட்சம் நின்றால் 1 லட்சம்.

இதில் என்னைத் தூக்கிவாரிப்போட்டது என்னவென்றால், இது லாபத்தில் வரும் பங்கு இல்லை, மூலதனத்தில் வரும் பங்கு. நஷ்டமான வருடத்திலும் உண்டு. 2020-இல் ரமலான் ஏப்ரல் கடைசியில் தொடங்கியது. ஊரடங்கு. மண்ணடி முழுக்க ஷட்டர் இறங்கிக் கிடந்தது. ஒரு நிப்பிள் கூட விற்கவில்லை, கூலியும் வாடகையும் கரண்ட் பில்லும் மட்டும் போய்க்கொண்டிருந்தன. பென் டிரைவில் எடுத்து வைத்திருந்த டேலி பேக்கப்பை வீட்டிலிருந்து திறந்து, போனிலேயே பாய்க்கு ஒவ்வொரு அயிட்டமாக வாசித்தேன். “விற்காத சரக்குக்கு இந்த வருஷமுமா பாய்?” என்றேன். “ஜகாத் வாங்குறவனுக்கு இந்த வருஷம்தானம்மா பசி அதிகம்” என்றார். வருமான வரி, வருமானம் இல்லாதவனை விட்டுவிடும். இது விடாது. சம்பாதித்தவனுக்கு மட்டும் என்றில்லாமல், சேர்த்து வைத்திருப்பவனுக்கும் இது கடமை. ஊர் முடங்கிய வருடத்தில் இந்த விதியின் அர்த்தம் எனக்குப் புரிந்ததுபோல வேறு எந்தப் பிரசங்கத்திலும் புரிந்திருக்காது.

செத்த சரக்கு விஷயத்தில் மட்டும் எனக்கும் பாய்க்கும் வருடா வருடம் தகராறு. யாரும் வாங்காத பழைய அளவு பித்தளை வால்வுகள் ஒரு மூட்டை கிடக்கிறது. காயலான் கடை ரேட் போடலாம் என்பேன் நான். “பித்தளைக்கு அந்த ரேட்டே நல்ல ரேட்தான், ஆனா யாராவது ஒருத்தன் தேடி வருவான்மா, கொஞ்சம் ஏத்திப் போடுங்க” என்பார். எந்த ஆடிட்டரிடமும் எந்த முதலாளியும் இப்படிக் கெஞ்சிப் பார்த்ததில்லை.

பிறை வருடம் என்பதும் கணக்கு எழுதுகிறவளுக்குத் தனிச் சோதனை. அதற்கு 354 நாள்தான். ஒவ்வொரு வருடமும் ரமலான் பத்துப் பதினொரு நாள் முன்னால் நகரும். 2023-இலும் 2024-இலும் மார்ச் 31 நோன்பு மாதத்துக்குள்ளேயே வந்தது. 2025-இல் மார்ச் 31 அன்றே பெருநாள். இரண்டு கணக்கும் ஒன்றாக வந்து என் தலையில் விழுந்தன. ஆங்கிலத் தேதியிலேயே வைத்துக்கொண்டால் எனக்குச் சுலபம் என்று சொல்லிப் பார்த்தேன். அப்படி வைத்தால் நாள் அதிகம், அதனால் 2.5-க்குப் பதில் சுமார் 2.58 சதவீதம் போட வேண்டும், இல்லாவிட்டால் ஏறக்குறைய 33 வருடத்தில் ஒரு வருட ஜகாத் கணக்கிலிருந்தே காணாமல் போய்விடும் என்று பாய் ஒரு துண்டுச்சீட்டில் போட்டுக் காட்டினார். எட்டாவதோடு நின்றவர் அவர்.

சரி, தொகை வந்துவிட்டது. அதை எந்தத் தலைப்பில் எழுதுவது? நன்கொடை என்று எழுதலாமா என்றேன்.

“சப்ளையருக்குத் தர வேண்டியதை நன்கொடைன்னு எழுதுவீங்களாம்மா?”

“அது கடனாச்சே பாய்.”

“இதுவும் அதான். நம்ம பெட்டியில கிடக்கிற அடுத்தவன் காசு.”

குர்ஆனில் இதற்கு நேரான வசனம் இருக்கிறது. 51-ஆம் அத்தியாயத்தில், நல்லவர்களின் செல்வத்தில் கேட்பவருக்கும் கேட்காத ஏழைக்கும் உரிமை இருந்தது என்று வரும். 70-ஆம் அத்தியாயத்திலும் இதே பேச்சு, குறிப்பிட்ட உரிமை என்று இன்னும் அழுத்தமாக. எங்கள் இரண்டாவது ஐந்தொகையில் ஜகாத் தொகை அன்றிலிருந்து கொடுக்க வேண்டிய கடன்களோடுதான் நிற்கிறது, சப்ளையர் பாக்கிக்கு அடுத்த வரியில். இரக்கம் என்பதை மனசு சம்பந்தப்பட்ட விஷயமாகவே நினைத்து வளர்ந்தவள் நான். நம் வீடுகளில் “பாவம்” என்று தோன்றினால் கொடுப்போம், தோன்றாவிட்டால் இல்லை. பாய்க்கு எதிரில் நிற்பவரைப் பார்த்துப் பாவம் என்று தோன்றினாலும் தோன்றாவிட்டாலும் தேதி வந்தால் கொடுக்க வேண்டும். அன்றைக்கு அவருக்குத் தலைவலியாக இருக்கலாம், வாங்க வந்தவர் சிடுசிடுக்கிற ஆளாக இருக்கலாம். கணக்கு மாறாது. எனக்கு இது முதலில் கொஞ்சம் வறட்சியாகப் பட்டது. இப்போது இதுதான் பத்திரமான ஏற்பாடு என்று படுகிறது, ஏனென்றால் மனசு எல்லா நாளும் ஒரே மாதிரி இருப்பதில்லை.

கடன் என்று வந்துவிட்டதால் கூடவே சில கட்டுப்பாடுகளும் வருகின்றன. பெற்றோருக்கும் பிள்ளைகளுக்கும் ஜகாத் கொடுக்க முடியாது, அவர்களைப் பார்த்துக்கொள்வது ஏற்கெனவே கடமை. வேலைக்காரரின் சம்பளத்திலோ போனஸிலோ கழிக்க முடியாது, ஒரு கடனைக் காட்டி இன்னொரு கடனை அடைக்க முடியாது. கொடுத்துவிட்டுச் சொல்லிக் காட்டவும் கூடாது. சொல்லிக்காட்டியும் மனம் நோகச் செய்தும் உங்கள் தர்மங்களைப் பாழாக்கிவிடாதீர்கள் என்று குர்ஆனின் இரண்டாம் அத்தியாயத்தில் இருக்கிறது. அதே அத்தியாயத்தில்தான் அந்த வேதத்திலேயே நீளமான வசனமும் இருக்கிறது. அது எதைப் பற்றியது என்று நினைக்கிறீர்கள்? சொர்க்கம் நரகம் இல்லை. கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பது பற்றி! எழுதுகிறவர் நியாயமாக எழுத வேண்டும், சாட்சி வைக்க வேண்டும், தொகை சிறிதானாலும் பெரிதானாலும் எழுத அலுத்துக்கொள்ளக் கூடாது. எழுதுகிறவருக்குத் தொந்தரவு கொடுக்கக் கூடாது என்றும் வருகிறது. இதைப் பாய் படித்துச் சொன்ன நாளிலிருந்து, மாதக் கடைசியில் அவர் என்னை அவசரப்படுத்தினால் அந்த வசனத்தைத்தான் நினைவுபடுத்துகிறேன்.

பேங்க் வட்டிக்குத் தனி ஏடு. சேமிப்புக் கணக்கில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வட்டி வந்து விழும். வருமான வரியில் அதை வருமானமாகக் காட்டித்தான் ஆக வேண்டும், காட்டுகிறோம். ஆனால் பாய் அதைத் தொடமாட்டார். யாராவது ஏழைக்குப் போய்விடும், அதுவும் ஜகாத் கணக்கில் சேராமல். “இதுக்கு நன்மை எல்லாம் கிடையாதும்மா, அழுக்கை வெளியே தள்றது” என்பார். நன்மை கிடைக்காது என்று தெரிந்தே கொடுக்கிற பணம் உலகத்தில் வேறு எங்கும் இருக்கிறதா என்று தெரியவில்லை.

வாங்காத வட்டி இன்னும் பெரிய விஷயம். இந்தத் தொழிலில் 30 நாள் தவணை தாண்டினால் பில்லிலேயே வட்டி அச்சடித்திருப்பார்கள். எங்கள் பில்லில் அந்த வரி இல்லை. இது தெரிந்த சில வாடிக்கையாளர்கள் மற்ற கடைகளுக்கெல்லாம் முதலில் கட்டிவிட்டு எங்களுக்குக் கடைசியில் கட்டுவார்கள். எனக்கு எரிச்சலாக வரும். இரக்கத்தைச் சுரண்டுகிறவர்கள் எல்லா மதத்திலும் இருக்கிறார்கள். அதை மறைத்துவிட்டு எழுதினால் இது உண்மைக் கணக்காக இருக்காது.

ஆனால் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்ததே, அப்போது வேறு மாதிரி ஒருவரைப் பார்த்தேன். எண்ணூர் பக்கம் சின்ன பிளம்பிங் கடை வைத்திருப்பவர். வெள்ளத்தோடு கழிமுகத்தில் எண்ணெய் கலந்து வந்து வீடுகளுக்குள் புகுந்ததே, அதில் அவர் கடையும் மாட்டிக்கொண்டது. ஃபிட்டிங் டப்பாக்கள் எல்லாம் கறுப்புப் பிசினாகிவிட்டன. நம் பாக்கியில் கொஞ்சமாவது கட்டுகிறேன் என்று ஒரு தொகையோடு வந்தார். கை விரல் இடுக்கில் எண்ணெய்க் கறை போகாமல் இருந்தது. பாய் பணத்தை வாங்கவில்லை. “கடை திறங்க, அப்புறம் பேசலாம்” என்று அனுப்பிவிட்டார். கடன்பட்டவர் கஷ்டத்தில் இருந்தால் வசதி வரும்வரை அவகாசம் கொடுங்கள், தள்ளுபடி செய்தால் இன்னும் நல்லது என்கிறது வேதம். அவகாசம் கடமை, தள்ளுபடி அவரவர் விருப்பம். பாய் இரண்டு மாதம் யோசித்துப் பாதியைத் தள்ளுபடி செய்தார், பாதியை வைத்துக்கொண்டார். முழுசாகத் தள்ளினால் அவருக்கு இந்தக் கடை வாசலை மிதிக்கக் கூச்சமாக இருக்கும் என்பது பாயின் எண்ணம். இப்போதும் மாதா மாதம் கொஞ்சம் கட்டிக்கொண்டு, சரக்கும் எடுத்துக்கொண்டுதான் இருக்கிறார்.

பாயம்மாவின் நகைக் கணக்கைச் சொல்லாமல் விட்டால் கோபித்துக்கொள்வார். பாய் ராமநாதபுரம் கடற்கரைப் பக்கத்துக்காரர், இஸ்லாமியச் சட்ட வழிகளில் ஷாஃபி வழி. அந்த வழியில், வழக்கமாகப் போட்டுக்கொள்ளும் நகைக்கு ஜகாத் இல்லை. பாயம்மாவின் பிறந்த வீடு ஹனஃபி. அங்கே அணிகிற நகைக்கும் உண்டு. சுமார் 11 பவுனைத் தொட்டால் கணக்கு ஆரம்பம். வருடத்துக்கு ஒரு மத்தியானம் பாயம்மா ஒரு சுருக்குப் பையோடு கடைக்கு வருவார். போல்ட் நிறுக்கிற தராசில் இதை நிறுக்க முடியாது என்பதால் பக்கத்து நகைக்கடைக்கு நானும் கூடப் போவேன். ஒவ்வொன்றாக வைத்து, கல் எடையைக் கழித்து, என்னை எழுதச் சொல்வார்.

“வீட்டுல இருக்கிறது ஒரு பொம்பளை நகை, அதுக்குமா?” என்று பாய் ஒருமுறை முனகினார்.

“நகை என்னுது. நாளைக்குக் கேள்வி கேட்டா நீங்களா வந்து பதில் சொல்லப் போறீங்க?” என்றார் பாயம்மா.

அந்தக் கணக்கு தனி ஏடு, அவர் பெயரில். கணவன் பணக்காரன் என்பதால் மனைவியின் கடமை போகாது, மனைவியின் சொத்து கணவனுடையதும் ஆகாது. கணவன் மனைவிக்கு ஜகாத் கொடுக்க முடியாது, அவளைக் காப்பாற்றுவது அவன் பொறுப்பு. ஆனால் ஏழைக் கணவனுக்கு மனைவி கொடுக்கலாம் என்று ஷாஃபி வழியில் இருக்கிறது. நபி காலத்திலேயே ஸைனப் என்ற பெண் தன் கணவர் இப்னு மஸ்ஊதுக்கு இப்படிக் கொடுக்கலாமா என்று கேட்டு, இரட்டை நன்மை என்று பதில் வாங்கியிருக்கிறார். இதைச் சொல்லிப் பாயம்மா பாயைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரிப்பார்.

இனி யாருக்குக் கொடுப்பது என்ற பாடு. ரமலான் கடைசிப் பத்தில் கடைத்தெரு வாசல்களில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். கைக்குழந்தையோடு வெயிலில், ஐம்பது ரூபாய்க்கும் நூறு ரூபாய்க்கும். கொடுக்கிறவர் நோட்டுக் கட்டோடு வந்து ஒவ்வொரு கையிலும் வைத்துக்கொண்டே போவார். ஊர் பார்க்கும். எனக்கு இது பிடிப்பதே இல்லை. கடனைத் திருப்பித் தருகிற ஒருவர், கொடுத்தவரை வெயிலில் உட்கார வைத்துத் திருப்பித் தருவாரா? வலது கை கொடுப்பது இடது கைக்குத் தெரியக் கூடாது என்று நபி சொன்னதைச் சுவரில் எழுதி மாட்டியிருக்கிற கடைகளிலும் இது நடக்கிறது. பாயும் முன்பெல்லாம் இப்படித்தான் ஒரு பகுதியைக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

ஜகாத் பெறுகிறவர்கள் எட்டு வகை என்று ஒன்பதாம் அத்தியாயம் எண்ணிச் சொல்கிறது. அதில் ஒரு வகை, கடனில் மூழ்கியவர்கள். வடசென்னையில் இருந்துகொண்டு இந்த வகையைத் தேடி அலைய வேண்டியதில்லை. காசிமேடு, ராயபுரம், தண்டையார்பேட்டை எங்கே போனாலும் தண்டல்தான். எட்டாயிரத்து ஐந்நூறைக் கையில் கொடுத்து, தினம் நூறு ரூபாயாக நூறு நாளில் பத்தாயிரம் வாங்குகிற தொழில். ஒரு தண்டலை அடைக்க இன்னொரு தண்டல். அநியாய வட்டிக்கு எதிராக 2003-லேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்துவிட்டது. தண்டல்காரர் சாயங்காலம் பைக்கில் வருவது நிற்கவில்லை. பாயிடம் நான் சொன்னது இதைத்தான்: நூறு பேருக்கு ஐந்நூறு ஐந்நூறாகப் பிரித்தால் ஒருவர் கஷ்டமும் தீராது, அதே பணத்தில் நாலைந்து பேரைத் தண்டலிலிருந்து மீட்கலாம். அவர் பள்ளிவாசலில் பைத்துல்மால், அதாவது பொது நிதி, பார்க்கிறவர்களிடம் பேசினார். அவர்கள் விசாரித்துப் பெயர் தந்தார்கள். பணம் நேராகத் தண்டல்காரரிடம் போனது, அட்டையைக் கிழித்து வாங்கினோம்.

அப்படி வந்த பெயர்களில் ஒருவர் எங்கள் தெரு முனையிலேயே தினம் பார்க்கிறவர். துவைத்து இஸ்திரி போட்ட சட்டையோடு சவாரிக்கு நிற்கிற ஆட்டோக்காரர். அவருக்கு மூன்று தண்டல் என்று யாருக்கும் தெரியாது. கேட்டு வற்புறுத்தமாட்டார்கள், அவர்களின் தன்மானத்தைப் பார்த்து விவரம் தெரியாதவர்கள் வசதியானவர்கள் என்றே நினைத்துக்கொள்வார்கள் என்று குர்ஆன் ஒரு கூட்டத்தைச் சொல்கிறது. வரிசையில் வந்து உட்காராதவர்களைத் தேடிப் பிடிக்கிற வேலை கொடுக்கிறவருடையது என்பதுதான் இதிலிருந்து நான் எடுத்துக்கொண்டது.

இவ்வளவும் இருக்க, என் மனதில் பெரிதாக நிற்பது ஜகாத் ஏட்டில் இல்லாத ஒரு வரவு செலவு.

எங்கள் தெருவில் எல்லாரும் நைனா என்று கூப்பிடும் ஒரு லோடுமேன் இருந்தார். முப்பது வருடத்துக்கு மேல் இந்தத் தெருவில் தூக்கியவர். அம்மன் கோயிலுக்குத் தீ மிதிக்கிற ஆள். எந்தக் கடைக்கும் ஆள் கிடையாது, தெருவுக்கே பொது, ஆனால் முக்கால்வாசி எங்கள் லோடுதான். குடலிறக்கம் வந்து ஸ்டான்லியில் ஆபரேஷன் ஆனது. இனி எடை தூக்கவே கூடாது என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். நலவாரியத்தில் பதிந்திருந்தார், புதுப்பிக்காமல் விட்டுவிட்டார். ஒரு நாள் கடைக்கு வந்து எடை மெஷின் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டு, “இன்னா கணக்கு, எடை படிக்கிற வேலையாவது குடுக்கச் சொல்லேன் பாய்கிட்ட” என்றார். அவருக்கு எண் படிக்கத் தெரியாது என்று எங்கள் இருவருக்குமே தெரியும்.

பாய்க்கு மனம் கேட்கவில்லை. ஆனால் அவர் சார்ந்த வழியின் அறிஞர்கள் சொல்வதுபடி ஜகாத் பொதுவாக முஸ்லிம் ஏழைகளுக்கானது. மற்றவர்களுக்கு சதக்காவிலிருந்து, அதாவது அவரவர் விருப்பப்படி கொடுக்கும் தர்மத்திலிருந்து, எவ்வளவு வேண்டுமானாலும் கொடுக்கலாம். இந்த வரம்பு எனக்கு உறுத்தலாகத்தான் இருந்தது, பாயிடமே சொல்லியிருக்கிறேன். சரி, சதக்காவில் மாதம் ஒரு தொகை கொடுத்துவிடலாம் என்று அவர் முடிவு பண்ணிக்கொண்டிருந்த நேரத்தில், மார்க்கம் படித்த பெரியவர், ஹஜ்ரத் என்று கூப்பிடுவோம், டீ குடிக்க வந்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டு, “எத்தனை வருஷம் தூக்கினாரு?” என்றார். பாய் சொன்னார்.

அப்போது ஹஜ்ரத் ஒரு சம்பவம் சொன்னார். கலீஃபா உமர் ஒரு வீட்டு வாசலில் கண் தெரியாத முதியவர் பிச்சை கேட்பதைப் பார்க்கிறார். விசாரித்தால் அவர் யூதர். ஏன் இந்த நிலை என்று கேட்க, வரி கட்ட வேண்டியிருக்கிறது, வயதும் ஆகிவிட்டது, இல்லாமையும் சேர்ந்துகொண்டது என்கிறார். உமர் அவரைக் கையைப் பிடித்துத் தன் வீட்டுக்கு அழைத்துப்போய் இருந்ததைக் கொடுக்கிறார். பிறகு பொதுக் கருவூலப் பொறுப்பாளரை அழைத்து, இவரையும் இவர் போன்றவர்களையும் கவனியுங்கள், இளமையில் இவரிடம் வாங்கித் தின்றுவிட்டு முதுமையில் கைவிட்டால் நாம் நியாயம் செய்தவர்கள் ஆகமாட்டோம் என்று சொல்லி, வரியையும் நீக்கிவிடுகிறார். எட்டாம் நூற்றாண்டில் பாக்தாதில் தலைமை நீதிபதியாக இருந்த அபூ யூசுப் இதை எழுதி வைத்திருக்கிறார்.

“தர்மம் கொடுக்கிறதுக்கு முன்னாடி, அவருக்குப் பாக்கி எதுவும் வச்சிருக்கீங்களான்னு பாருங்க” என்று சொல்லிவிட்டு ஹஜ்ரத் டம்ளரை வைத்துவிட்டுப் போய்விட்டார்.

பாய் என்னைப் பார்த்தார். சட்டப்படி ஒன்றும் இல்லை. அப்போது இருந்த 1972-ஆம் வருடப் பணிக்கொடைச் சட்டம் பத்துப் பேராவது வேலை செய்த இடத்துக்குத்தான். எங்கள் கடையில் அத்தனை பேர் கிடையாது, நைனா சம்பள ஆளும் கிடையாது. ஆனால் அதே சட்டத்தின் வாய்ப்பாட்டை, ஒரு வருட வேலைக்கு 15 நாள் கூலி என்பதை, எடுத்துக்கொள்ளத் தடையும் இல்லை. பழைய கூலி வவுச்சர்கள் மாடியில் கட்டுக் கட்டாக இருந்தன. கரையான் தின்றது போக மிச்சத்தில் எங்கள் லோடுக்கு அவர் வாங்கிய கூலியின் சராசரியை எடுத்து, வருடங்களால் பெருக்கித் தொகையைக் காட்டினேன். பாய் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை. அந்த வருட ஜகாத்தில் பாதிக்கு மேல் இருந்தது அது. “ரெண்டு தவணையாக் கொடுத்தா வாங்கிக்குவாரா, கேளுங்க” என்றார்.

நைனாவுக்குச் சந்தேகம். “இன்னாம்மா இது, பாய் கடைய மூடறாரா?” என்று என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார். கூலி பாக்கி என்று மட்டும் சொன்னேன். கைநாட்டு வைத்துவிட்டுப் பணத்தை வாங்கியவர், அங்கேயே ஸ்டூலில் உட்கார்ந்து எச்சில் தொட்டு எண்ணினார். மறுபடியும் எண்ணினார். வெற்றிலை கறை படிந்த கட்டைவிரல் ஒவ்வொரு நோட்டிலும் நின்று நின்று போனது. நடுவில் ஒரு ஐந்நூறு ரூபாய் நோட்டை உருவி, “இது கிழிஞ்சிருக்கு, வேற குடு” என்று நீட்டினார். ரமலான் வரிசையில் யாரும் நோட்டை மாற்றிக் கேட்டு நான் பார்த்ததில்லை. பாய் சிரித்துக்கொண்டே கல்லாவிலிருந்து வேறு நோட்டு எடுத்துக் கொடுத்தார். மகளின் அடகு நகையை மீட்டதாக நைனா பிறகு சொன்னார். மாதா மாதம் சதக்காவில் ஒரு தொகையும் போகிறது. அதை அவர் எண்ணுவதில்லை.

எனக்கு ஜகாத்தைவிட இது பெரிதாகப் படுகிறது. வேலையாட்கள் உங்கள் சகோதரர்கள், நீங்கள் உண்பதை உண்ணக் கொடுங்கள், சக்திக்கு மேல் சுமத்தாதீர்கள், சுமத்தினால் கூட நின்று உதவுங்கள் என்று நபி சொன்னதாக புகாரி தொகுப்பில் இருக்கிறது. வியர்வை உலர்வதற்குள் கூலியைக் கொடுங்கள் என்பது தமிழ்நாட்டில் எல்லா மதத்தவரும் மேற்கோள் காட்டுகிற நபிமொழி. இரண்டுமே பிச்சைக்காரரைப் பற்றியவை இல்லை, லோடுமேனைப் பற்றியவை. நோன்பு மாதத்தில் தாராளமாகக் கொடுத்துவிட்டு, மீதிப் பதினொரு மாதம் கூலியில் பத்து ரூபாய் இழுக்கிற கடைகளை நான் பார்த்திருக்கிறேன். அது பாய் கடையா செட்டியார் கடையா நாடார் கடையா என்பதெல்லாம் இல்லை. வடசென்னை முழுக்க இருக்கிறது.

இப்போது ஒவ்வொரு லோடுக்கும் டன் கணக்கில் ஒரு சிறு தொகையை லோடுமேன்கள் பெயரில் ஒதுக்கி வைக்கிறோம். டேலியில் அதற்குத் தனி லெட்ஜர் திறந்திருக்கிறேன். சிக்கல் என்னவென்றால், அவர்கள் பக்கத்திலுள்ள மூன்று கடைகளுக்கும் தூக்குகிறார்கள். எங்கள் பங்கு மட்டும் சேர்ந்தால் வயதான காலத்தில் பெரிதாக ஒன்றும் வராது. மூன்று கடைக்காரர்களிடமும் பாய் பேசினார். ஒருவர் ஒத்துக்கொண்டுவிட்டார். இன்னொருவர், “வருஷா வருஷம் ஜகாத் கொடுக்கிறோமே பாய்” என்றார். அது வேறு ஏடு என்று பாய் சொன்னது அவருக்கு ஏறவில்லை. மூன்றாவது ஆள் இரும்பு விலை கொஞ்சம் நிலைக்கட்டும், யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறார். ஜூனில் சரக்கு எடுக்க வருவார், அப்போது மறுபடி கேட்க வேண்டும்.